உச்சம் எல்லாம் 0-க்கு ஏற்றியாச்சு, பாட்டு மட்டும் ஏன் ஏறவும் இறங்கவும் செய்கிறது?

கேள்வி (வாசகர்) – 3 ஜூன் 2024

போனில் ஆயிரத்துச் சொச்சம் பாட்டு வைத்திருக்கிறேன். ஷஃபிளில் விட்டால் ஒரு பழைய பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வருகிறது, அடுத்து வருகிற புதுப் பாட்டு காதைப் பிளக்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் ஒவ்வொன்றையும் எடுத்து உச்சம் 0 டெசிபல் வரும்படி ஏற்றிவிட்டேன். அளவில் எல்லாம் ஒன்றுதான், காதில் மட்டும் அதே வித்தியாசம். டெசிபல் என்பதே பொய்யா?

3 ஜூன், இரவு 10:50

டெசிபல் பொய் இல்லை. நீங்கள் அளந்த இடம்தான் தப்பு.

உச்சம் என்பது ஒரே ஒரு சாம்பிள். ஒரு நொடியை 44,100 துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. தவில்காரர் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் அது போய் 0-வைத் தொட்டுவிடும் (டிஜிட்டலில் 0-தான் மேல் வரம்பு, மற்றதெல்லாம் அதற்குக் கீழே மைனஸ் எண்). மீதி அரை மணி நேரக் கச்சேரி எந்த உயரத்தில் நடந்தது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. புதுப் பாட்டுகளில் லிமிட்டர் போட்டு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் நறுக்கிவிட்டு மொத்தத்தையும் தூக்கியிருப்பார்கள். அதற்கும் உச்சம் 0. ஒற்றைப் பனைமரம் நிற்கிற பொட்டல் ஒன்று, பனங்காடு ஒன்று. உயரமான மரத்தை மட்டும் அளந்தால் இரண்டும் சமம்.

பள்ளிப் பாடப் புத்தகத்தில் 'உரப்பு' என்று ஒரு சொல் படித்திருப்போம். காது உணர்கிற சத்தத்தின் அளவு. உங்களுக்கு அளக்க வேண்டியது அது. அதற்கு வேறு அளவுகோல் இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

4 ஜூன், காலை 6:30

அந்த அளவுகோலின் பெயர் ஐடியூ-ஆர் பிஎஸ்.1770, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. முதலில் வந்தது 2006-இல். இன்றைக்கு நாம் பயன்படுத்துகிற மென்பொருள்கள் பெரும்பாலும் இதைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன. அலகு எல்யூஎஃப்எஸ் (LUFS), வித்தியாசத்தைச் சொல்லும்போது வெறும் எல்யூ. ஒரு எல்யூ ஏறுவதும் ஒரு டெசிபல் ஏறுவதும் ஒன்றே.

வேலை செய்கிற விதம் இது. முதலில் ஒலியை ஒரு வடிகட்டி வழியாக அனுப்புகிறார்கள். அடித்தொண்டை ஒலிகளைக் குறைத்து, சுமார் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை 4 டெசிபல் போலத் தூக்கும். நம் காது அப்படித்தான் கேட்கிறது. தவிலில் தொப்பிப் பக்கம் குச்சியால் விழுகிற அடி, மீட்டரில் பார்த்தால் பயங்கரமாக எகிறும், ஆனால் தெருக்கோடியில் நிற்கிறவனுக்கு முதலில் எட்டுவது நாதஸ்வரம்தான். வடிகட்டிக்குப் பிறகு வருகிற எண்ணில் தொப்பி தணிந்து நாதஸ்வரம் முன்னுக்கு வந்திருக்கும்.

அடுத்து, 400 மில்லிநொடித் துண்டுகளாக எடுத்து ஒவ்வொன்றின் சராசரி சக்தியைக் கணக்கிடுகிறார்கள். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று முக்கால் பங்கு ஏறி நிற்கும், அதனால் ஒவ்வொரு 100 மில்லிநொடிக்கும் புதிதாக ஒன்று கிடைக்கும். -70 எல்யூஎஃப்எஸ்-க்குக் கீழே உள்ள துண்டுகளைத் தூக்கி எறிந்துவிடுவார்கள், அது வெறும் மௌனம். மிஞ்சியதற்குச் சராசரி பார்த்து, அந்தச் சராசரிக்கு 10 எல்யூ கீழே கிடப்பதையும் எறிவார்கள். கடைசியில் நிற்பதன் சராசரிதான் பாட்டின் உரப்பு.

இந்த இரண்டு எறிதலும் 2006 பதிப்பில் கிடையாது, 2011-இல் சேர்ந்தவை. ஏன் வேண்டும் என்றால், பாட்டுக்கு நடுவே இருபது நொடி யாரும் எதுவும் வாசிக்காமல் சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டிருந்தால் அந்த இருபது நொடியும் சராசரியைக் கீழே இழுக்கும். கேட்கிறவன் அந்த நேரத்தை வைத்தா வால்யூமைத் திருப்புவான்?

4 ஜூன், மாலை

சொன்னதை என்னிடம் இருப்பதை வைத்தே காட்டுகிறேன். 1987-இல் எங்கள் ஊர்த் திருவிழாவில் அப்பா டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துப் பதிந்த நாதஸ்வரக் கச்சேரி. 90 நிமிட கேசட், பக்கத்துக்கு 45 நிமிடம். ஏ பக்கத்தை அளந்தேன்: உரப்பு -24.6, உச்சம் -1.2. பக்கத்திலேயே ஒரு புதுச் சினிமாப் பாட்டு: உரப்பு -7.8, உச்சம் 0. பதினேழு டெசிபல் வித்தியாசம். பத்து டெசிபல் ஏறினால் காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியும் என்பது பொதுக் கணக்கு. பதினேழு என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீப்ளேகெயின் எழுதினேன். ஒலியைத் தொடாமல், எத்தனை டெசிபல் ஏற்ற இறக்க வேண்டும் என்ற எண்ணை மட்டும் கோப்பின் டேக்கில் (பாட்டின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் இருக்கிற குறிப்பில்) எழுதி வைக்கிற முறை அது, பிளேயர் அதைப் படித்து வால்யூமை மாற்றிக்கொள்ளும். புது முறையில் இலக்கு -18. சினிமாப் பாட்டுக்கு -10.2 விழுந்தது, கச்சேரிக்கு +6.6. போட்டுக் கேட்டால் கச்சேரி இன்னும் மெதுவாகவே இருக்கிறது! ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

காரணம் அந்த உச்சம்தான். -1.2-இல் நிற்கிற உச்சத்தோடு 6.6-ஐக் கூட்டினால் +5.4. டிஜிட்டலில் 0-க்கு மேலே இடமே கிடையாது, தவில் அடி எல்லாம் மொட்டையாகி கரகரக்கும். அதனால் பிளேயர் 'கிளிப்பிங் தடு' என்ற அமைப்பின்படி 1.2 மட்டும் ஏற்றிவிட்டு நின்றுவிட்டது. பாக்கி 5.4 டெசிபல் கடனாகவே கிடந்தது.

தீர்வு ஏற்றுவதில் இல்லை, மற்றதை இறக்குவதில் இருக்கிறது. பிளேயரில் ப்ரீஆம்ப் என்று, எல்லாப் பாட்டையும் சேர்த்து ஏற்றி இறக்குகிற ஒன்று இருக்கும். அதை -6 வைத்தேன். கச்சேரிக்கு இப்போது +0.6, உச்சம் -0.6, எங்கும் இடிக்கவில்லை. சினிமாப் பாட்டும் அதே அளவுக்கு இறங்கிவிட்டது. பிறகு ஸ்பீக்கரின் வால்யூமைத் திருப்பினால் போதும்.

(இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. 16-ஆம் தேதிக் குறிப்பைப் பார்க்கவும்.)

6 ஜூன்

"டிஜிட்டலில் குறைத்தால் தரம் போய்விடாதா?" என்று ஒருவர். ஒரு பிட் என்பது ஏறக்குறைய 6 டெசிபல். 10 டெசிபல் குறைத்தால் இரண்டு பிட்டுக்குள். சிடியின் 16 பிட்டுக்கு 96 டெசிபல் இடம் இருக்கிறது, நல்ல பிளேயர்கள் உள்ளே 32 பிட் மிதவைப் புள்ளியில் கணக்குப் போட்டு 24 பிட்டில் வெளியே அனுப்புகின்றன. என் கேசட்டில் நாடாவின் 'உஸ்' சத்தமே அதற்கெல்லாம் எவ்வளவோ மேலே நிற்கிறது. இதற்குப் பயப்பட வேண்டாம்.

7 ஜூன், இரவு

ரீப்ளேகெயின் டிராக், ஆல்பம் என்று இரண்டு எண் எழுதுகிறதே, எதை வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

ஏ பக்கத்தை நான் நாலு கோப்பாக வெட்டி வைத்திருக்கிறேன்: மல்லாரி, ஒரு வர்ணம், ஆலாபனை, கீர்த்தனை. டிராக் முறையில் வைத்தேன். மல்லாரியில் தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து முழங்குகிறது. ஆலாபனையில் தவில் கிடையாது, ஒற்றை நாதஸ்வரம், பின்னால் சுருதிக்கு ஒத்து. நிரல் இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. கோபுர வாசலில் சாமி புறப்படுகிற முழக்கமும், கூட்டம் உட்கார்ந்தபின் மெல்ல எடுத்த ராகமும் ஒரே சத்தம். வித்வான் வேண்டுமென்றே தணித்து வாசித்ததை நாம் 'சரி'பண்ணி வைத்திருக்கிறோம்.

ஆல்பம் முறையில் நாலு கோப்புக்கும் சேர்த்து ஒரே எண். எல்லாம் ஒரே அளவு ஏறும் அல்லது இறங்கும், உள்ளே இருக்கிற ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். ஷஃபிளுக்கு டிராக், வரிசையாகக் கேட்பதற்கு ஆல்பம். ஷஃபிளில் இருக்கும்போது தானாக டிராக் எண்ணுக்கு மாறிக்கொள்ளும் அமைப்பு சில பிளேயர்களில் உண்டு, அதை வைத்துவிட்டால் நிம்மதி.

9 ஜூன், ஞாயிறு

ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: "டேக் எல்லாம் எதற்கு? கோப்பையே மாற்றி எழுதிவிட்டால் எந்தப் பிளேயரிலும் ஒரே மாதிரி கேட்குமே."

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம்.

மேலே ஏ பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். பி பக்கம் என்னிடம் உருப்படியாக இல்லை. 2019-இல் நான் செய்த வேலை. கேசட்டைக் கணினிக்கு மாற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. உரப்பைச் சமப்படுத்துகிறேன் என்று ஒரு நிரலை எடுத்து, பழைய கோப்பின்மேலேயே எழுது என்று சொல்லி, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போனேன். பி பக்கம்தான் முதல் வரிசையில் இருந்தது. காலையில் அதைக் கேட்டுவிட்டு மற்றதை நிறுத்தினேன், அதனால்தான் ஏ பக்கம் பிழைத்தது.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. ஒரே ஓட்டத்தில் முடி என்றால் அந்த நிரலுக்கு மொத்தப் பாட்டின் உரப்பு முன்கூட்டித் தெரியாது. சில நொடிகளை முன்னே பார்த்துக்கொண்டு, மெதுவான இடம் வந்தால் ஏற்றும், சத்தமான இடம் வந்தால் இறக்கும். அதாவது யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வால்யூமைத் திருகிக்கொண்டே இருக்கிற மாதிரி. நாதஸ்வரம் மூச்சு வாங்குகிற இடத்தில் எல்லாம் நாடாவின் 'உஸ்' மேலே எழும்பி வருகிறது, அடுத்த பிடி வந்ததும் அமுங்குகிறது. தனி ஆவர்த்தனம் முடிந்து கூட்டம் அடங்குகிற இடத்தில், பந்தலில் யாரோ பேசுவது நாதஸ்வரத்துக்குச் சமமாகக் கேட்கிறது. அப்பா இருமுவது காதுக்குள்ளேயே இருமுகிற மாதிரி வருகிறது. முதல்முறை அதைக் கேட்டபோது எழுந்து வெளியே போய்விட்டேன்.

திருப்ப வழி கிடையாது. மொத்தக் கோப்பையும் ஒரே எண்ணால் ஏற்றியிருந்தால் அதே எண்ணால் இறக்கிவிடலாம். நொடிக்கு நொடி மாறிய எண்ணை எங்கே போய்த் தேடுவது? கேசட்டை மறுபடி ஓட்டலாம் என்று எடுத்தால் பூசணம் பிடித்த நாடா பாதியில் சிக்கி அறுந்துவிட்டது.

அதனால் சொல்கிறேன். அளந்த எண்ணை டேக்கில் எழுதுங்கள். ஒலியைத் தொடாதீர்கள்.

9 ஜூன், அரை மணி கழித்து

அந்த நிரல்மேல் குற்றம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஓட்டமாக, முதலில் அளந்து பிறகு ஒரே எண்ணால் மாற்றச் சொல்லவும் அதில் வழி இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. வெறுமனே அளக்க மட்டும் வேண்டும் என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரலில் ஈபியூஆர்128 என்ற வடிகட்டியே போதும், கோப்பை எதுவும் செய்யாது.

12 ஜூன்

"யூடியூபில் மட்டும் எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறதே?"

அவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். கணினியில் வீடியோவின்மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தால் வால்யூம் என்ற வரியில் 100% / 50% என்றும் பக்கத்தில் 6.0 டெசிபல் என்றும் வரும். அந்தப் பாட்டு அவர்களுடைய அளவைவிட 6 டெசிபல் உரக்க இருக்கிறது, அதனால் வீச்சைப் பாதியாக்கி அனுப்புகிறார்கள் என்று பொருள். இலக்கு -14 பக்கத்தில். மெதுவான வீடியோவை அவர்கள் பொதுவாக ஏற்றுவதில்லை, அதனால்தான் யாராவது கைப்பேசியில் பதிந்து போட்ட கச்சேரி அங்கேயும் மெதுவாகவே இருக்கும். ஸ்பாட்டிஃபையின் வழக்கமான இலக்கும் -14, ஆப்பிள் மியூசிக்கில் -16.

இதில் எனக்கு ஒரு சந்தோஷம். -7-க்கு நசுக்கி அனுப்பிய பாட்டை அங்கே 7 டெசிபல் இறக்கிவிடுவார்கள். பக்கத்தில் -14-க்கு விட்டுப் பிடித்துச் செய்த பாட்டு வரும்போது, அதன் தாளவாத்தியம் எகிறிக் குதிக்கும். முன்னது சப்பென்று இருக்கும். அடுத்தவனைவிட உரக்கக் கத்தினால்தான் எடுபடும் என்று சிடி காலத்திலிருந்து நடந்த போட்டிக்கு இப்போது பலன் இல்லை. ஆனாலும் இன்னும் -7-க்கு நசுக்கித்தான் அனுப்புகிறார்கள். மனசு வரவில்லை போல.

13 ஜூன்

டிவி விளம்பரம் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இந்த அளவுகோல் பிறந்ததே ஒலிபரப்புக்காகத்தான். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010 ஆகஸ்டில் ஆர்128 என்ற பரிந்துரையை வெளியிட்டது: நிகழ்ச்சியோ விளம்பரமோ, எல்லாம் -23-இல் நிற்க வேண்டும். அமெரிக்காவில் அதே ஆண்டு டிசம்பரில் சட்டமே போட்டார்கள், 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டுக் கேபிள் டிவி விதிகள் 1994-இலேயே விளம்பரம் மிகையாக உரக்க இருக்கக்கூடாது என்று ஒரு வரி உண்டு. அந்த வரியில் எண் கிடையாது. எண் இல்லாமல் 'மிகை' என்றால் யார் எதை வைத்து அளப்பது? எங்கள் வீட்டில் சீரியல் நேரத்தில் அம்மா ரிமோட்டைக் கையைவிட்டுக் கீழே வைப்பதில்லை.

16 ஜூன், ஞாயிறு. 4-ஆம் தேதிக் கணக்கைத் திருத்துகிறேன்

ப்ரீஆம்ப் -6 வைத்தபின் இரண்டும் சமமாகிவிட்டது என்று எழுதியிருந்தேன். பத்து நாளாகக் கேட்கிறேன், சமம் இல்லை. கச்சேரி வந்தாலே கை வால்யூமைக் குறைக்கப் போகிறது. நாதஸ்வரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். நேற்று ஒரு வாசகர் ஒற்றை வரியில் கேட்டார்: "உங்கள் கோப்பு மோனோவா?"

மோனோதான். அப்பாவின் டேப் ரெக்கார்டரில் ஒரே மைக். நான் இடம் மிச்சம் என்று ஒற்றைச் சேனல் கோப்பாகவே வைத்திருந்தேன்.

பிஎஸ்.1770 ஒவ்வொரு சேனலின் சக்தியையும் தனித்தனியே எடுத்துக் கூட்டுகிறது. ஒரே ஒலி இடப்பக்கமும் வலப்பக்கமும் இருந்தால் சக்தி இரண்டு மடங்கு, அதாவது 3 டெசிபல் கூடுதல். ஒற்றைச் சேனல் கோப்பில் கூட்ட இன்னொன்று இல்லை, அதனால் 3 குறைவாகக் காட்டும். ஆனால் போட்டுக் கேட்கும்போது பிளேயர் அதே ஒலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் அனுப்புகிறது. காதுக்கு வருவது இரட்டைச் சேனல் சத்தம், மீட்டர் எழுதியது ஒற்றைச் சேனல் எண்.

ஆக, கச்சேரியின் உண்மையான உரப்பு -21.6. வேண்டியது +3.6 மட்டுமே, நான் கொடுத்தது +6.6. ப்ரீஆம்ப் -6-ஐக் கழித்தால் சரியான எண் -2.4. மூன்று டெசிபல் அதிகமாக வைத்துக்கொண்டு நாதஸ்வரத்தின்மேல் பழி போட்டிருக்கிறேன்.

அளக்கும் நிரல்களில் 'டூயல் மோனோ' என்று ஒரு தேர்வு இருக்கும். மோனோக் கோப்புகளுக்கு அதைப் போட்டு அளக்க வேண்டும். ஐம்பது, அறுபதுகளின் சினிமாப் பாட்டெல்லாம் மோனோதான். கேள்வி கேட்டவர் போனில் அவை ஒற்றைச் சேனலாகக் கொஞ்சம், இரட்டைச் சேனலாகக் கொஞ்சம் கிடக்கும். ஒரே பாட்டே இரண்டு விதமாக வரும். முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள்.

2001-இல் டேவிட் ராபின்சன் முன்வைத்த பழைய ரீப்ளேகெயின் முறையில் இந்தச் சிக்கல் இல்லை, அது மோனோவை இரண்டு சேனலாகவே எண்ணிக்கொள்ளும். அந்த முறை சராசரி எடுக்காது. 50 மில்லிநொடித் துண்டுகளை உரப்பு வரிசையில் அடுக்கி, நூற்றில் 95-ஆவது இடத்தில் நிற்பதை எடுத்துக்கொள்ளும். பாட்டின் உரத்த பகுதிதான் மனதில் நிற்கிறது என்ற எண்ணம். மோசமான எண்ணமில்லை.

19 ஜூன்

காரில் இருக்கிற பிளேயர் டேக்கைப் படிக்கவில்லை என்றால்? எம்பி3 ஆக இருந்தால் எம்பி3கெயின் என்ற நிரல். எம்பி3-இன் ஒவ்வொரு சிறு துண்டிலும் (ஃபிரேம்) மொத்த அளவைக் குறிக்கிற ஒரு எண் உண்டு, அதை மட்டும் ஏற்றி இறக்கும். ஒரு படி 1.5 டெசிபல். ஒலியைத் திரும்ப என்கோட் செய்வதில்லை, மாற்றியதைத் திருப்பியும் விடலாம். கோப்பைத் தொடாதே என்று 9-ஆம் தேதி கெஞ்சியதற்கு இது ஒன்றுதான் விலக்கு. அதையும் நகலில் செய்யுங்கள்.

ஓபஸ் வகை ஒலிக் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு: அதன் டேக்கில் -1536 என்கிற மாதிரி எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். 256-ஆல் வகுத்தால் -6 டெசிபல். அதன் இலக்கு -23, ஃபிளாக் வகைக் கோப்பில் எழுதுகிற ரீப்ளேகெயினின் இலக்கு -18. உங்கள் பிளேயர் இந்த 5-ஐச் சரிக்கட்டவில்லை என்றால் ஓபஸ் பாட்டுகள் மட்டும் தணிந்து கேட்கும்.

22 ஜூன்

கேள்வி கேட்டவர் தன் கோப்புகள் எல்லாம் 0-வில் நிற்கின்றன, இறக்காமல் விடலாமா என்கிறார். இறக்குங்கள். சாம்பிள்களுக்கு நடுவே அலை இன்னும் மேலே போயிருக்கும். 44,100-இல் நாலில் ஒரு பங்கான 11,025 ஹெர்ட்ஸ் அலையை எடுங்கள். சாம்பிள்கள் உச்சிக்கு இரண்டு பக்கமும் விழுந்தால் 0.707 என்று காட்டும், நடுவே நிஜ உச்சி 1. மூன்று டெசிபல் ஒளிந்துகொண்டிருக்கும். இதற்காகத்தான் நாலு மடங்கு சாம்பிள் எடுத்து 'நிஜ உச்சம்' பார்க்கிறார்கள், ஆர்128-இல் -1-க்கு மேல் விடுவதில்லை.

30 ஜூன், ஞாயிறு

இரண்டு வாரத்துக்கு முன் 9-ஆம் தேதிக் குறிப்பைத் தம்பிக்கு அனுப்பியிருந்தேன். அவன் கூப்பிட்டு, "அண்ணா, நீ கேசட்டை மாத்துன அன்னைக்கே ஒரு பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்தியே, மறந்துட்டியா?" என்றான். சுத்தமாக நினைவில்லை. நேற்று கூரியரில் வந்தது. பி பக்கம், முழுசாக, 2019 தேதியோடு.

மூன்று நகல் எடுத்துவிட்டுத்தான் திறந்தேன். டூயல் மோனோ போட்டு அளந்தேன்: -20.9. ஏ பக்கத்தையும் சேர்த்து ஒரே ஆல்பமாக வைத்து எண்ணை எழுதினேன். டேக்கில் மட்டும்.

ராத்திரி அம்மாவும் கேட்டாள். தனி ஆவர்த்தனம் முடிந்து கூட்டம் அடங்குகிற அந்த இடம் வந்தது. நாதஸ்வரம் மெல்ல எடுக்கிறது, அதற்குப் பின்னால், எங்கோ பந்தக்கால் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி, அப்பா ஒரு தடவை இருமுகிறார். நான் சொல்வதற்கு முன்பே அம்மா திரும்பிப் பார்த்தாள்.